நூறு வோல்ட்

"நேரா கரண்ட் குடுத்தீங்களா, சேர்?"

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் ரேடியோ, டீவி, மிக்ஸி எல்லாம் திருத்துகிற ஒரு சின்னக் கடை. கடைக்காரரை எல்லாரும் பாயிஸ் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். போன திங்கட்கிழமை நான் கொண்டுபோன பழைய வீடியோ கேம் மெஷினின் அடிப்பக்கத்தைக் கழற்றி, மூக்கருகே பிடித்து மோந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது இது.

"இல்லையே நானா. சும்மா கெடந்து கெடந்து பழுதாயிருச்சி போல" என்றேன்.

பொய். ஐம்பத்தெட்டு வயதில், வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நல்ல புத்தி சொல்லுகிற ஆள், ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அவரிடம் மறைத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வசந்திக்கு நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. போய்விட்டது என்றால்... சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வருவதில்லை. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு போராடுவாள். மிச்சத்தை நான் ஊகிக்க வேண்டும். நான் ஊகிப்பதில் படு மோசம்.

கால் கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் அவளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளை, ஸ்பொஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். வசந்தி அந்தப் பந்தைப் பார்க்கவே மாட்டாள்.

"அங்கிள், அன்ரி முந்திக் கையால என்ன விருப்பமாச் செய்யிறவ? தையல்... கோலம்... ஏதும்?"

யோசித்துப் பார்த்தேன். வசந்திக்குத் தையலும் வராது, கோலமும் வராது. "கார் ரேஸ் ஓடுவா" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விளக்க வேண்டியதாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பல வருடங்களுக்கு முன் அவளுடைய தம்பி ஜப்பானில் வேலை செய்துவிட்டு வரும்போது ஒரு கேம் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் இரண்டு நாள் விளையாடி, மூன்று கார்களைச் சுவரில் மோதிவிட்டு எழும்பிவிட்டேன். வசந்தி எழும்பவில்லை. கண்டியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள் அவள். பகலெல்லாம் ஃபைல். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தாளென்றால், அரை மணித்தியாலத்துக்கு அவள் இந்த உலகத்தில் இல்லை. வளைவு வந்தால் உடம்பே சாயும். இரண்டு கட்டை விரலும் பறக்கும்.

"அப்ப அதையே குடுங்கோ அங்கிள். விருப்பமெண்டால் கை தானா வேலை செய்யத் தொடங்கும். மெல்ல மெல்லத்தான். ஆனா தொடங்கும்."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

மறுநாள் காலை அலுமாரிக்கு மேலிருந்து மெஷினை இறக்கித் தூசி தட்டினேன். அவளுக்கு அலுவலக வேலை கூடியது, வீடு கட்டியது என்று என்னென்னவோ வந்து, அது அங்கேயே ஏறி ஏழெட்டு வருடம் இருக்கும். வசந்தியைக் கதிரையில் உட்காரவைத்து, அவள் மடியில் ரிமோட்டை வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். இடது கையால் தடவினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது... நான் கற்பனை செய்யவில்லை, வந்தது.

டீவியில் வயரை மாட்டினேன். கரண்ட் வயரை எடுத்துச் சுவர் ப்ளக்கில் சொருகக் குனிந்தேன்.

"பெ..." என்றாள் வசந்தி.

"பொறு பொறு, இந்தா ஆச்சி."

"பெ... பெ..."

குரல் உயர்ந்தது. இடது கையை ஆட்டினாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. "இரும்மா, ஒரு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

டப் என்று ஒரு சத்தம். அடியிலிருந்து ஒரு நூல் புகை. எரிந்த பிளாஸ்டிக் மணம்.

வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, இடது கை விரலால் அலுமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். திறந்து பார்த்தேன். பொலித்தீன் பையில் சுற்றி, கைக்கு அடங்குகிற ஒரு கனமான கறுப்புப் பெட்டி. அதன்மேல் அவளுடைய கிளார்க் கையெழுத்தில் ஒட்டிய துண்டு: "கேம் மெஷினுக்கு. இது இல்லாமல் சொருக வேண்டாம்."

ஜப்பானில் கரண்ட் நூறு வோல்ட். நமக்கு இருநூற்று முப்பது. நடுவில் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி அது. தம்பி அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எனக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. பேச்சு போனாலும் மறக்கவில்லை. அந்தப் பெட்டியைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்டி டவுனில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் திறக்காமலே திருப்பித் தந்தார். மற்றவர், "இதெல்லாம் இப்ப யாருங்க வெளையாடுறாங்க, புதுசு ஒன்னு வாங்கிக்குங்க" என்றார். புதுசில் அவளுக்குத் தெரிந்த அந்த ரோடு இருக்குமா? அந்த வளைவு இருக்குமா? அவரிடம் கேட்கவில்லை. யாரோ சொல்லித்தான் கெலிஓயாவுக்குப் போனேன்.

பாயிஸ் நானா நல்ல மனிதர். "வெச்சிட்டுப் போங்க, வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி வாங்க, பாப்பம்" என்றார். அந்த நான்கு நாளும் நான் வசந்தியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "நானா சரியாக்கிருவாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனபோது மெஷின் மேசையில் திறந்து கிடந்தது. பக்கத்தில் கருகிய சாமான்கள் ஒரு மூடியில்.

"சேர், ஃபியூஸ் மாத்தினேன். கப்பாசிட்டர் மாத்தினேன். வேற ஒரு பழைய மெஷின்ல இருந்து கரண்ட் போர்டையே கழட்டிப் போட்டுப் பாத்தேன். உள்ளுக்க மெயின் போர்ட் செத்துப் போய் ஈக்கி. இனி ஏலாது."

"வேற எங்கயாவது..."

"எங்க கொண்டு போனாலும் ஏலாது சேர்."

அவர் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"நேரா குடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். ஃபியூஸ பாத்தா தெரியும்தானே. எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. நான் ஒன்டும் நினைக்கிறல்ல."

யோசித்துப் பாருங்கள், திருத்துகிறவரிடம் யார்தான் உண்மையைச் சொல்கிறோம்? கீழே விழுந்த ஃபோனை "தானா நின்னுருச்சி" என்போம். தண்ணீர் போன ரேடியோவை "ராத்திரி நல்லாத்தான் இருந்திச்சி" என்போம்.

ஒரே ஒரு இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன். நான்கு மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரியில். "எத்தன மணிக்குத் தொடங்கினது?" என்று டொக்டர் கேட்டார். "காலையில எட்டு மணி போல" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு தாண்டியிருந்தது. "ஏன் உடனே கொண்டு வரல்ல?"

ஏனென்றால், எட்டு மணிக்கு வசந்தி குசினி அடுப்படியிலிருந்து, "என்னங்க, கை ஒரு மாதிரி மரத்துப்போய் இருக்குங்க" என்றபோது நான் மேசையில் இருந்தேன். உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "ஒரு பாராதான் பாக்கி. கொஞ்சம் படு, முடிச்சிட்டு வர்றேன்" என்றேன். அவள் போய்ப் படுத்தாள். பாரா முடிந்தது, இன்னொன்று தோன்றியது, பிறகு திருத்தம்... நான் எழும்பிப் போனபோது மதியம்.

அந்தப் பத்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நல்லாயிருந்தது என்று சிலர் எழுதியும் இருந்தீர்கள்.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து வசந்தியின் கட்டிலருகே வைத்து, "சரி வரல்லம்மா. நான்தான் கேக்கல்ல. அன்னைக்கும் கேக்கல்ல, இன்னைக்கும் கேக்கல்ல" என்றேன். அவள் மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மன்னித்தாளா, கோபமா... தெரியவில்லை. ஊகிக்க எனக்கு இனி உரிமையும் இல்லை.

கை அப்படியேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறு ஏதாவது யோசிப்போம் என்கிறாள். அவளுடைய குரலிலும் அன்றைக்கு இருந்த உறுதி இல்லை.

நேற்று மாலை நான் இதை எழுத உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து "த..." என்று கேட்டது. பேனாவை வைத்துவிட்டுப் போய் அருகில் உட்கார்ந்தேன். தண்ணியா, தலையணையா, தம்பியா என்று நான் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தேன். "த... த..." நெற்றி வியர்த்தது. ஜன்னலில் வெயில் இறங்கி, தேத்தண்ணீர் ஆறி, ஆடை கட்டியது. அந்தச் சொல் வரவேயில்லை.

நானும் எழும்பவில்லை.