மழை பெய்தால் நிறையும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அலுவலகத்துக்குச் சட்டை இஸ்திரி போடுகிறவளைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு என்பது நம் ஊர்த் திங்கள். அருப்புக்கோட்டையில் என்னோடு படித்தவர்கள் வாட்ஸப் குழுவில் கறிக்குழம்புப் படம் போடுகிற நேரத்தில், நான் சுங்கை பட்டாணி நகர நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பேன். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஜம்மென்று கிளம்பிப் போய்ப் பூட்டிய அலுவலகத்தின் முன்னால் நின்றேன். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் மலாயில் ஏதோ கேட்டார். சாவி இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து, இல்லை என்று சோகமாகத் தலையாட்டினேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார் மனிதர். பாவம், பசியோடு நிற்கிறாள் என்று ஒரு பொட்டலம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைக் கையில் திணித்துவிட்டார். காசும் வாங்கவில்லை.

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. கடைவீடு, கிடங்கு, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றுக்கு என்ன வாடகை கிடைக்கும், எந்த வரிசையில் கடை போட்டால் ஓடும் என்று சொல்லும் நிறுவனத்தில் நான் தரவு அறிவியலாளர். "கம்ப்யூட்டர்ல ஜோசியம்" என்று என் சித்தப்பா சுருக்கிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியவில்லை. புள்ளியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கட்டட நிறுவனத்தில் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தவள், தானாகக் கணினி நிரல் எழுதக் கற்று, நேர்காணல் நேர்காணலாகத் தோற்று, கடைசியில் இங்கே வந்து விழுந்தேன். வந்த முதல் மாதமே தலைமையகத்தின் கணிப்பில் ஓட்டை கண்டுபிடித்தேன். கோலாலம்பூரில் எழுதிய நிரல், கெடாவுக்கும் சனி ஞாயிறையே விடுமுறையாக வைத்திருந்தது! திருத்தியதும் எண்கள் சமர்த்தாக உட்கார்ந்தன. பாராட்டி மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான், தலைக்கனம் ஏறிவிட்டது எனக்கு.

அந்தத் தலைக்கனத்தோடுதான் கரங்கானில் கை வைத்தேன். ரப்பரும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையும் சூழ்ந்த சின்ன ஊர் அது. ஒரு மளிகை நிறுவனம் அங்கே நான்கு கடைவீடுகளைச் சேர்த்து வாடகைக்கு எடுக்கலாமா என்று எங்களைக் கேட்டிருந்தது. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடித் தூணில், போகிற வருகிற ஆட்களை எண்ணும் கருவியைப் பொருத்தி, மாதக்கணக்கில் தரவு சேர்த்தோம். பார்த்தால், சில நாட்களில் மட்டும் காலை எட்டு மணிக்குக் கூட்டம் எகிறி நின்றது. அத்தனையும் விடியலில் மழை பெய்த நாட்கள். மழையில் எவன் கடைக்கு வருவான்? கருவிக்குள் தண்ணீர் புகுந்து சாரலை ஆளென்று எண்ணுகிறது என்று முடிவு கட்டி, அந்த நாட்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டேன். மழை என்றால் கூட்டம் குறையும் என்று நிரலிலும் எழுதி வைத்தேன்.

அடுத்த மூன்று வாரம் என் கணிப்பு கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. தலைமையகத்தில் எங்கள் பிரிவைப் பார்க்கும் அஸ்மான் கத்துகிற ரகமில்லை. இன்னும் ஒரு மாதம் தருவதாகவும், அதற்குள் சரியாகாவிட்டால் வடக்குப் பகுதி வேலையைக் கோலாலம்பூரிலிருந்தே பார்த்துக்கொள்வதாகவும் தணிந்த குரலில் சொன்னார். என் வேலை அனுமதி இரண்டு மாதத்தில் முடிகிறது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். உள்ளதைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். ஊருக்குத் திரும்புவது பயமில்லை. தோற்று வந்தவளாக அந்தப் பேருந்து நிலையத்தில் இறங்குவதுதான் பயம். ஆறாவது நேர்காணலில் தோற்றபோதே "போதும், வந்துடு" என்றவர்கள் அங்கே ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள்.

மழையைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகுதான் யோசித்தேன். என் அப்பா அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். ஆண்டு முழுக்க அவரை வீட்டில் வெளிச்சத்தில் பார்ப்பதே அபூர்வம். மழை வந்தால் மட்டும், "ஒரு ஈ காக்கா இல்ல, மொதலாளி போகச் சொல்லிட்டாரு" என்று சட்டையெல்லாம் நனைந்து பகலிலேயே வந்து நிற்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் உளுந்தவடை. மழை என்றால் கடை காலி, அப்பா வீட்டில். ஆறு வயதில் படித்த அந்தப் பாடத்தைத்தான் கடல் கடந்து வந்து கெடாவின் கணினியில் ஏற்றியிருக்கிறேன்.

பழுதென்று நான் நம்பிய கருவியைக் கழற்றிப் புதிது மாட்டவும், தண்ணீர் எங்கே புகுகிறதென்று பார்க்கவும், மழை நாளாகப் பார்த்துப் போக நினைத்தேன். வண்டியோட்ட வந்தவள் புனிதா. கடைகளை அளந்து படமெடுத்து அனுப்பும் கள ஊழியர். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவியவர்களின் மகள். ஒரே அலுவலகத்தில் ஒன்றரை வருடம் இருந்தும், அவளிடம் சதுர அடி தவிர வேறெதுவும் கேட்டதில்லை நான். படித்த திமிர், வேறென்ன? கொட்டும் மழையில் எட்டு மணிக்குப் போய் இறங்கினோம். அஞ்சடி நிறைய ஆட்கள். மழைச்சட்டையோடு மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காப்பிக் கடையில் உட்கார இடமில்லை. மலாய்க்காரர்களும் நம்மவர்களும் நெருக்கியடித்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக் கடையில் வரிசை. சங்கிலிவாள் பழுது பார்க்கிற கடையில்கூடக் கும்பல். நான் கேமரா வைத்த புதுக் கருவியைக் கையில் பிடித்தபடி, இங்கே இன்றைக்கு ஏதாவது விசேஷமா என்று புனிதாவிடம் கேட்டேன்.

"மழைதாங்கா விசேஷம். மரம் ஈரமா இருந்தா சீவ முடியாது. பால் மங்குல விழாம பட்டையிலயே வழிஞ்சி ஓடிரும். அன்னிக்கு எல்லாருக்கும் சூத்தி. மத்த நாள்ல பாதிப் பகல் மரத்துலயே போயிரும், அப்புறம் களைப்புல படுத்துருவாங்க. மழை பேஞ்சாத்தான் டவுனுக்கு வருவாங்க லா."

சூத்தி என்றால் இங்கே விடுமுறை. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"நீங்க கேக்கவே இல்லியேக்கா," என்றாள். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் உறைத்தது.

அழித்த நாட்களையெல்லாம் மீட்டெடுத்தேன். எந்த ஊரைச் சுற்றி எவ்வளவு ரப்பர், எவ்வளவு செம்பனை, விடியலுக்கு முன் மழையா பின் மழையா என்று ஒவ்வொன்றாகப் புனிதாவைக் கேட்டுக் கேட்டு நிரலை முதலிலிருந்து எழுதினேன். அஸ்மானிடம் தொலைபேசியில் விளக்கியபோது, மழை பெய்தாலும் வருவார்கள் என்றுதானே சொல்ல வருகிறாய் என்று என் ஆங்கிலத்தைத் திருத்தினார். இல்லை, மழை பெய்வதால் வருவார்கள் என்றேன். அடுத்த முறை விடியலில் மழை பெய்தால் எழுப்புகிறேன், உங்கள் திரையில் கரங்கான் கேமராவைத் திறந்து பாருங்கள் என்று சவால் விட்டுவிட்டு, போனை வைத்ததும் வானிலை அறிக்கையைத் திறந்தேன்.

மழையா, நமக்கு வேண்டும்போது வரவே வராது. ஒரு வாரம் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு புதன்கிழமை விடியலில் கொட்டியது பாருங்கள்! எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணை எழுதி அனுப்பிவிட்டு அஸ்மானை எழுப்பினேன். ஏழரைக்கு அஞ்சடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஏழே முக்காலுக்கு முதல் மோட்டார் சைக்கிள். பிறகு இரண்டு. எட்டேகாலுக்குத் தூண்கள் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. என் எண்ணுக்கும் வந்த கூட்டத்துக்கும் ஐந்தாறு பேர்தான் வித்தியாசம். அஸ்மான் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

மளிகை நிறுவனம் நான்கு கடைவீட்டையும் எடுத்தது. இன்னொரு ரப்பர் ஊரான பாலிங்கிலும் அதே கணக்கு பலித்தது. தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர், அங்கே மழைக்கு வேறு கதை. இந்தத் தடவை முதலில் போய்க் கேட்டுவிட்டுத்தான் கணினியைத் தொட்டோம். என் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. வடக்குப் பகுதித் தரவுப் பிரிவு இப்போது என் பொறுப்பில். அறிக்கையில் புனிதாவின் பெயர் என் பெயருக்கு மேலே இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். இப்போது நிரலும் எழுதுகிறாள். என் பிழைகளைச் சுட்டிக்காட்டுவதில் அவளுக்குத் தனி சந்தோஷம். வெற்றி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கார்த்திகையில் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். மூன்றாம் நாள் விடியலில் நல்ல மழை. படுக்கையில் கிடந்தபடியே 'இன்றைக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும்' என்று தோன்றியது. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வேகவேகமாகக் கடைத்தெருவுக்கு நடந்தேன். தெரு முழுக்க மூடிய கதவுகள். சாக்கடை நிரம்பி ஓடியது. பாதி ஷட்டர் ஏற்றிய ஒரே டீக்கடையிலிருந்து, எனக்கு அறிமுகமில்லாத கடைக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த மழையில கடைத்தெருவுக்கு வந்திருக்கீங்க. ஊருக்குப் புதுசாம்மா?"

இன்னார் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. ஆமாண்ணே என்று ஒரு டீ சொன்னேன். அவர் ஆற்றிக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, நான் பிறந்து வளர்ந்த தெருவில் குடைக்குள் நின்றபடி, எட்டு மணி ஆகும் வரை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.