"போறேன்" என்றால் பிழைக்கலாம்

சாவதற்கு முன் ஆறுக்குட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். பிறகு ஸ்வெட்டர், மப்ளர். "கறை போகாதுங்க. தொவைக்கற நெலமைல ஊட்டுக்காரி இல்லீங்க."

பெர்ன்ஹில்லில் டீக்கடை வைத்திருக்கிறார். ஊட்டிக்குப் பேய்ப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு காவல்காரர் தேவை, அதுவும் முதல் ஆளாகச் சாவதற்கு. பல வருடமாக அந்த வேலை இவருக்குத்தான். கோடரி, அரிவாள், ஒரு முறை தேயிலைக் கவாத்துக் கத்தி. "எப்படியும் இடைவேளைக்கு முந்தி முடிச்சுப்போடுவாங்க" என்று கொட்டாவி விடுகிறார். ரத்தம் என்பது சாயம் கலந்த சர்க்கரைப் பாகு. "கத்தி ஒண்ணும் பண்ணாதுங்க. எறும்புதான் கொல்லுது."

கொட்டாவிக்குக் காரணம் உண்டு. மனைவி வேலாமணி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். சமையல், கடை, ராத்திரி விழிப்பு எல்லாம் இவர் தலையில். அந்தம்மாவுக்குப் பொழுது போவது செல்போனில், கணவர் நடித்த படங்களோடு. ஆனால் கத்தி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். "ஏனுங்க, ஒருக்காவாச்சும் கடைசி வரைக்கும் உசுரோட இருங்களே" என்று கேட்டிருக்கிறார்.

இப்போது எடுப்பது பேய்ப்படங்களையே கிண்டல் செய்யும் கொலைப்படம். அதில் வருகிற எல்லோருக்கும் விதிகள் தெரியும். தனியாகப் போகிறவன் சாவான். "இதோ வர்றேன்" என்று சொல்லிப் போகிறவன் நிச்சயம் சாவான். இயக்குநர் சுபின் கூடலூர்ப் பையன், நல்ல மனசு. வேலாமணி கேட்டதைச் சொன்னதும் காட்சியையே மாற்றினார். காவல்காரர் விவரமான ஆள். வெறுமனே "போறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார். கொலைகாரன் குழம்பிப்போய் விட்டுவிடுவான். ஒரே ஒரு சொல். இவ்வளவு மலிவாக உயிர் எங்கே கிடைக்கும்?

நானும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஓடியது. ஆறுக்குட்டி வாசலில் திரும்பி, "போயிட்டு வர்றனுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை "போ" வரை வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வெளியே நிஜமான பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, ஒரு வார்த்தைதானே?" என்று கெஞ்சினார் சுபின்.

"வாய்ல வர மாட்டீங்குதுங்க தம்பி. அவ அப்படிப் படுத்துக் கெடக்கறப்ப, வெளக்கு வெக்கற நேரத்துல, போறேன்னு எப்படிங்க சொல்றது?"

"டப்பிங்ல வேற ஆளை வெச்சு சொல்ல வெச்சுக்கறேன்."

"யாரு சொன்னாலும் மூஞ்சி என்ரதுதானுங்களே. அவ பாப்பாளே." தலையைச் சொறிந்தார். "கொன்னுருங்க தம்பி, பரவால்ல."

கொன்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முடிந்ததும் எழுந்து, கழுத்து எறும்பைத் தட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார். வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "இன்னொரு படம் வராமயா போயிரும்" என்றார். குரலில் தெம்பே இல்லை.

இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். "சரிங்க, நான் போறேன்" என்று கிளம்பினேன்.

ஒரு கால் செருப்போடு வந்து என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். நான் திருத்திச் சொல்லும்வரை, பாகு ஒட்டிய அந்தக் கை விடவில்லை.