தூஃபானும் பிஜிலியும் ஒரு கல்யாணமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் கார்கள் வந்து நின்றன. வேலூரில் எங்கள் தெருவுக்கு ஒரு கார் வந்தாலே திருவிழாதான். இரண்டு என்றால் கேட்க வேண்டுமா? தெருவே கூடிவிட்டது.

இறங்கியவர்கள் இரண்டு ஆம்பூர்ப் பையன்கள். ஒரு காலத்தில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். இப்போது அவரவர் அப்பாவின் தோல் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

"சார், இவன் வண்டி ஃபாஸ்ட்டா, என் வண்டி ஃபாஸ்ட்டான்னு ஒரு ரேஸ் வெக்கப் போறோம். நீங்கதான் செக்ரட்டரியா இருக்கணும்."

"ஏன்டா, வேற ஆளே கிடைக்கலையா?"

"அந்த வேட்டைக் குதிரைப் போட்டிய நடத்துனது நீங்கதானே சார். ஊர்ல இன்னும் பேசிக்கறாங்க."

காபி கொடுத்து, மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு போட்டி போதும். ஆனால் அவர்கள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அன்று முழுக்க அந்தக் குதிரைகள்தான் கண்ணுக்குள் நின்றன. வாராவாரம் என் புலம்பலைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் நீங்கள்... உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது எனக்கு ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். கரீம் என்னோடு படித்தவன், என் தோஸ்த். அவனுடைய அப்பாவுக்குப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் பெரிய டேனரி. ஊரில் அவரைப் பெரிய சாயபு என்பார்கள். சாயபுவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தோல், இன்னொன்று வேட்டை. தூஃபான் என்று ஒரு கறுப்புக் குதிரை வைத்திருந்தார். புயல் என்று அர்த்தம். அது தெருவில் வந்தால் ஜட்கா வண்டிக்காரர்கள் தாங்களாகவே ஓரம் கட்டுவார்கள்.

கரீமுக்குப் பேரணாம்பட்டில் பெண் பார்த்தார்கள். அங்கேயும் டேனரி, அங்கேயும் வேட்டைப் பைத்தியம். பெண்ணின் அப்பாவிடம் பிஜிலி என்று ஒரு வெள்ளைக் குதிரை. பிஜிலி என்றால் மின்னல். இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் உலகத்தில் உண்டா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

பெண்ணைக் கரீம் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. கரீமின் தங்கைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவங்க பேச ஆரம்பிச்சா கேட்டுக்கினே இருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கரீம் என்னிடம் வந்து சொன்னான். மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும் வந்து, "தங்கச்சி இன்னா சொல்லிச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தான். பையன் விழுந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நிச்சயம் முடிந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? சம்பந்திகள் இருவரும் சேர்ந்து பேரணாம்பட்டு மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போனார்கள்.

ஒரு மான் ஓடியிருக்கிறது. இரண்டு குதிரைகளும் துரத்தியிருக்கின்றன. மான் தப்பிவிட்டது. யாரால் தப்பியது? "உங்க குதிரை குறுக்க வந்துச்சு" என்று ஒருவர். "உங்க குதிரை பின்தங்கிச்சு" என்று மற்றவர். பேச்சு வளர்ந்து, கடைசியில் நம்ம ஆம்பூர்ச் சாயபு ஒரு வார்த்தை விட்டுவிட்டார் — "உங்க குதிரை ஆவாரம்பட்டை மூட்டை சுமக்கத்தான் லாயக்கு."

டேனரிக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? தோல் பதனிட மூட்டை மூட்டையாகப் பட்டை வருமே, அதைக் கழுதை மேலும் மாட்டு வண்டியிலும்தான் ஏற்றி வருவார்கள். பேரணாம்பட்டுக்காரர் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஆள் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று தகவல்.

கரீம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு கிழவங்களும் மானைப் புடிக்கல. அதுக்கு நான் இன்னாடா பண்ணேன்?" என்றான். "ஒரே பேஜாராகீது. எதுனா செய்யேன்."

செய்தேன். அதுதான் போட்டி. சிறந்த வேட்டைக் குதிரை எது என்று ஊரறிய, நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வது. தோற்றவர் ஜெயித்தவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இருவரிடமும் போய்ச் சொன்னேன். இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? மற்றவர் மன்னிப்புக் கேட்கப்போவதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

கமிட்டி போட்டோம். இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள், எல்லோரும் டேனரிக் குடும்பங்கள். எனக்கு டேனரியும் இல்லை, குதிரையும் இல்லை. அதனால் நான் செக்ரட்டரி. எத்தனை யோசனை, எத்தனை ரூல்ஸ்! வேட்டைக் குதிரைக்கு ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. முதுகில் துப்பாக்கி வெடித்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். பள்ளத்தையும் முள்வேலியையும் தாண்ட வேண்டும். கடைசியில் வேட்டையைப் பிடிக்க வேண்டும். வேட்டைக்கு மான்? ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்... ஒரு மான்தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கொம்பும் வைத்தார்கள். எட்ட நின்று பார்த்தால் நிஜ மான்தான்.

பாதை எது? இதில்தான் எங்களுக்குள் ரொம்ப நேரம் விவாதம். கடைசியில் ஆற்றங்கரையோரமாக ஓடி, டேனரிப் பின்பக்கம் வளைந்து, மணலில் இறங்கி, அங்கே வைத்திருக்கும் மானை எடுப்பது என்று முடிவாயிற்று. "அந்தப் பக்கம்தான் காத்து நல்லா வரும்" என்றார் ஒரு மெம்பர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

நடுவராக வேலூரிலிருந்து ஒரு ரிசல்தாரை அழைத்தோம். குதிரைப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழுத்த பழம், மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது. கூடவே ஓடிப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று தன்னுடைய பெண் குதிரையிலேயே கிளம்பி, நடுவில் பள்ளிகொண்டாவில் தங்கி, ஆம்பூர் வந்து சேர்ந்தார். குதிரையை ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் கட்டினார்கள். அவரை டேனரிக்குப் பக்கத்திலேயே, சாயபுவின் பங்களாவில் தங்க வைத்தோம்.

வந்ததிலிருந்து மனிதர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பிரியாணி வைத்தால் இரண்டு வாய்தான் சாப்பிடுகிறார். பாவம், பயணத்தில் சளி பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். நன்றி சொல்லிக் குடித்தார். அவர் குடிக்கக் குடிக்க நாங்கள் இன்னும் கொடுத்தோம்.

போட்டி நாள் காலை. ஆற்றங்கரையில் ஜே ஜே என்று கூட்டம். டேனரிகளுக்கெல்லாம் லீவு. கரீம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"நான் சரியா ரோசனை பண்ணலடா. எங்க அப்பா தோத்தா, தோக்கடிச்ச வூட்ல பொண்ணு எடுப்பாரா? பொண்ணோட அப்பா தோத்தா பொண்ணு குடுப்பாரா? யாரு ஜெயிச்சாலும் போனது என் கல்யாணம்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை? இப்போது நிறுத்த முடியுமா? இரண்டு சாயபுகளும் குதிரை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேறு யாரும் ஓட்டக்கூடாதாம், அவர்களேதான் ஓட்டுவார்களாம். இருவருக்கும் தாடி நரைத்து, தொப்பையும் விழுந்த வயது.

துப்பாக்கிப் பரீட்சையில் இரண்டு குதிரைகளும் சிலை போல் நின்றன. முள்வேலியில் தூஃபானின் கால் தட்டியது. பள்ளத்தில் பிஜிலி ஒரு தடவை தயங்கியது. சரிக்குச் சரி என்றார் ரிசல்தார். எல்லாம் கடைசி ஓட்டத்தில் என்று ஆயிற்று. கரீம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிளம்பினார்கள். முன்னால் கறுப்பும் வெள்ளையும், கொஞ்சம் பின்னால் ரிசல்தார். அந்த அழகை எப்படி எழுதுவேன்? மோட்டார் காரில் வேகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலு கால் குதிரை மணலில் ஓடும்போது நம் நெஞ்சுக்குள்ளேயே ஓடுவது மாதிரி இருக்குமே... அது எந்தக் காரில் வரும்?

டேனரிப் பின்பக்கம் வளைந்தார்கள். அங்கே மூங்கில் கட்டி வரிசையாகத் தோல் காயப்போட்டிருந்தது. பக்கத்தில் தோலிலிருந்து சீவி எடுத்த மயிரும் சவ்வும் குவியலாகக் கிடந்தன. தூஃபானும் பிஜிலியும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன. பிறந்ததிலிருந்து அவற்றுக்கு அதுதான் காற்று. ரிசல்தாரின் குதிரை வளைவில் வந்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. அப்படியே இரண்டு காலில் எழுந்து நின்றது. பிறகு பிய்த்துக்கொண்டு ஆற்றுக்குள் ஓடியது.

ஆற்று மணலில் அந்தப் பக்கம் டேனரிகளுக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டிய கிணறுகள். ஒன்றுக்கும் சுவர் கிடையாது. குதிரை நேராக அவற்றைப் பார்த்துத்தான் போகிறது. ரிசல்தாரின் தலைப்பாகை பறந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் அலறியது.

சாயபுகள் மானை நெருங்கிவிட்டிருந்தார்கள். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அலறல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் போல. ஒரே புழுதி, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புழுதியைக் கிழித்துக்கொண்டு இரண்டு குதிரைகளும் கிணற்றுப் பக்கம் பாய்வதுதான் தெரிந்தது. வெள்ளைக் குதிரை குறுக்கே போய் மறித்தது. கறுப்புக் குதிரை ஒட்டிப் போக, நம்ம சாயபு குனிந்து கடிவாளத்தைப் பிடித்தார். கிணற்று விளிம்பு மணல் சரிந்து உள்ளே கொட்டியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆளுக்கொரு பக்கம் கடிவாளத்தைப் பிடித்து, ரிசல்தாரை நடுவில் வைத்து அழைத்து வந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏன் சார், குதிரை எதுக்கு மிரண்டது?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "தம்பி, எனக்குச் சளியே இல்ல. உங்க ஊரு வாசனை தாங்கல. நான் மரியாதைக்கு உங்க கஷாயத்தக் குடிச்சிக்கினு இருந்தேன். என் குதிரைக்கு அந்த மரியாதை தெரியாது" என்றார்.

கமிட்டி மெம்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊருக்கு வாசனை இருக்கிறது என்பதே எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இப்போது வேலூருக்குக் குடிவந்துவிட்டேன், எனக்கும் தெரிகிறது. ரயில் ஆம்பூரை நெருங்கினால் எதிர் சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை மூடப் போவார்கள். நான் மட்டும் மூட விடமாட்டேன். அந்த வாசனையில்தான் என் வாலிபம் முழுதும் இருக்கிறது, அதை எப்படி மூட விடுவது?

"தீர்ப்பு, தீர்ப்பு" என்று கூட்டம் கத்தியது. ரிசல்தார் எழுந்து நின்றார். "வேட்டைக் குதிரைன்னா வேட்டையப் புடிக்கணும். இன்னிக்கி வேட்டை நான்தான். ரெண்டும் சேந்து புடிச்சிது. ரெண்டுக்கும் சரிபாதி."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் கூட்டம் விடுமா? "எங்க ஆளுதான் மொதல்ல திரும்புனாரு" என்று பேரணாம்பட்டுக்காரர்கள். "இல்ல, எங்க சாயபுதான்" என்று ஆம்பூர்க்காரர்கள். தோள்துண்டுகள் இடுப்புக்கு இறங்கின. கரீம் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது நம்ம பெரிய சாயபு கையைத் தூக்கினார். சம்பந்திகள் தங்களுக்குள் உருதுதான் பேசுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார்.

"மொதல்ல திரும்புனது பிஜிலிதான். நான் பக்கத்துலயே இருந்தேன், பாத்தேன். சத்தம் கேட்டப்ப எனக்கு மான்தான் கண்ணுல பட்டுது. அவருக்கு மனுசன் கண்ணுல பட்டான். அவரு திரும்பினதப் பாத்துட்டுத்தான் நான் திரும்பினேன்." சம்பந்தி பக்கம் திரும்பினார். "பட்டை சுமக்கற குதிரைன்னு நான் சொன்னது தப்பு."

இடுப்புக்கு இறங்கிய துண்டுகள் மறுபடி தோளுக்கு ஏறின. புழுதியில் யாருமே பார்க்காத விஷயம் அது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பாதி ஜெயம் அவருடையது. அந்த மனிதர் அதற்கு முன்னால் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

எல்லோரும் பேரணாம்பட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் மெதுவாக நடந்து போய்த் தூஃபானின் கழுத்து வேர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அப்புறம்தான், மணலில் உட்கார்ந்திருந்த கரீமைப் பார்த்தார்.

"மாப்ள எதுக்கு வெயில்ல உக்காந்துகினு இருக்காரு?" என்றார். "நெழலுக்கு வரச் சொல்லுங்க."

கரீமால் எழுந்திருக்கவே முடியவில்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன். பெரிய மனிதர்களுக்கு ஜெயிக்க எத்தனையோ இடம் இருக்கிறது; கௌரவமாகத் தோற்கத்தான் ஓர் இடம் கிடைப்பதில்லை.

கமிட்டி போட்டு நாங்கள் ஏற்பாடு செய்தது அந்த இடத்தைத்தான் — அதுவும் தெரியாமல்.