மலைக் குகையில் நான் போட்ட சாம்பிராணி

முருகனடியார்களே, என் திமிரால் ஒரு உயிர் போகப் பார்த்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இலுப்பூர் பக்கத்தில், மலைக் குகையில் இருக்கும் முருகன் எங்கள் குலதெய்வம். போன வருடம் தை மாதம் என் மகளுக்கு முடியிறக்க மலையேறினோம். குகை வாசலுக்கு மேலே பாறையில் மலைத்தேனீ பெரிய அடையாகக் கட்டியிருந்தது. அதனால் அங்கே யாரும் புகை போடுவதில்லை. நெய்விளக்கு மட்டும்தான். பூசாரி ஐயா என் கையில் தூபக்காலைப் பார்த்ததும் பணிவாகத்தான் சொன்னார்.

"சாம்பிராணி வேணாம்மா. தேனு கலைஞ்சிரும். அதுகளும் அவன் புள்ளைகதான்."

"நேர்த்திக்கடன் எங்களோடது. நீங்க பூசையப் பாருங்க."

கணவர் வீட்டு ஆட்கள் முன்னால் அவர் என்னைத் தடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் உள்ளே திரும்பியதும் அள்ளிப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ஒரே இரைச்சல். எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். நான் மகளோடு தடுக்கி விழுந்தேன். பூசாரி ஐயா எங்களைக் குகைக்குள் இழுத்துப் போட்டார். தன் வேட்டியை அவிழ்த்து வாசலை மறைத்து, கோவணத்தோடு நின்றார். மகள் மேல் ஒரு கொடுக்குகூடப் படவில்லை. அவரை, தேனீக்கள் அடங்கிய பிறகு, கட்டிலில் வைத்துத்தான் கீழே இறக்கினார்கள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். ஆளே அடையாளம் தெரியாத வீக்கம். தேனீ எப்படிக் கலைந்தது என்று டாக்டர் கேட்டார்.

"யாரோ கல்லெறிஞ்சுட்டாங்க சார்," என்றேன்.

பக்கத்தில் நின்ற பூசாரியின் மனைவி என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே தாயி?"

கூசிப்போனேன். வராந்தா மூலையில் உட்கார்ந்து, "முருகா, எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. அவரைக் கண் முழிக்க வை," என்று அழுதேன். அழ அழ, பொய்யோடு கேட்கிறோமே என்று உறுத்தியது. எழுந்துபோய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஐயா கண் திறந்தார். காலைப் பிடித்துக்கொண்டு அவரிடமும் சொன்னேன்.

"வாசம் அடிச்சப்பவே தெரியும்மா," என்றார். வீங்கிய உதட்டில் பேச்சு குழறியது. "புள்ளைய இங்கிட்டு கொண்டாங்க, பாப்போம்."

இப்போது கிருத்திகைதோறும் மலையேறுகிறேன். தூபக்காலோடு வருகிறவர்களைத் தடுக்கிறேன். ஏன் என்று கேட்டால், நான் செய்ததைச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

தப்புச் செய்துவிட்டு அவன் முன்னால் போக வெட்கப்படுகிறவர்கள் உங்களில் இருந்தால், போங்கள். உள்ளதைச் சொல்லிக் கும்பிடுங்கள். எனக்கே இரங்கியவன், உங்களுக்கு இரங்க மாட்டானா?