பின்சீட்டில் டயர் கடைக்காரர்

செங்கல்பட்டு டயர் கடைக்காரருக்கு நரைத்த முறுக்கு மீசை, கிரீஸ் படிந்த கைலி. டயர் மாற்றிய காரின் பின்சீட்டில் தானே ஏறி, ஒருமுறை சத்தம் கேட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்படைப்பார்.

"பழைய டயர் இரைச்சல்ல அம்மாவுக்குத் தலைவலியே வந்துடுதுங்க" என்றேன்.

"இந்த சாஃப்ட் டயரு சீக்கிரம் தேயும். ஆனா சத்தம் கம்மி. ஓட்டு சார், நான் கேட்டுகினு வரேன்."

திருக்கழுக்குன்றம் தாண்டி, "எப்படி இருக்கு?" என்றேன். பதிலுக்குக் குறட்டை வந்தது. எழுப்ப மனமில்லாமல் மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிவிட்டேன்.

கடற்காற்றில் விழித்தவர் கோபிக்கவேயில்லை. "டயரு சூப்பரா கீது சார்!" என்று சிரித்தபடி, கடை இரைச்சலுக்காகக் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார்.

அம்மாவுக்கு இப்போது தலைவலி இல்லை. அது சரி, பஞ்சை அடைத்துக்கொண்டு அந்த மனிதர் எதைத்தான் கேட்டார்?