மஞ்சள் காரை ட்ரெய்லரில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோன சனிக்கிழமை

2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மொன்றியாலில் இருந்து சென். லோரன்ஸ் ஆற்றின் நடுவே இருக்கும் இல்-ஓ-கூட்ர் என்ற தீவுக்கு நானும் என் கூட்டாளி அருளப்பு மாஸ்டரும் ஒரு காரைக் கொண்டுபோனோம். ஓட்டிக்கொண்டு போகவில்லை, ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். அங்கே இறக்கி, தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பவும் ஏற்றிக்கொண்டு வந்தோம். இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் யாராவது அதே பயணத்துக்கு யோசித்தால் உதவும் என்று மகள் சொன்னாள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். நேரமும் தூரமும் என் தலையில் இருந்தவை. பிழை இருந்தால் அவளைக் குறை சொல்ல வேண்டாம்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்-டெ-நெய்ஜில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான் காவல்காரனாக இருந்தேன். கட்டடச் சொந்தக்காரர் இளவயதில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு கிட் கார், அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் கார், பதினொரு பெட்டிகளில் நிலவறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகு போய்விட்டது. பூட்டி ஓட்டினால் ஒரு படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டு, அது போதும் என்று தந்துவிட்டார். கூரை இல்லை, கதவு இல்லை. இரண்டு பேர் இருக்கலாம். எல்லாம் பூட்டியபின் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தோம்: ஐந்நூற்று எழுபது கிலோ. எங்கள் கத்தோலிக்கக் கோவில் கூடத்து மேசைகளை அடுக்கினால் அதைவிடப் பாரமாக இருக்கும்.

நான் மன்னாரில் இருபத்திரண்டு வருடம் லொறி ஓடியவன், லொறி திருத்தியவன். கை எதையும் பூட்டும், கழற்றும். ஆனால் பெட்டியோடு வந்த புத்தகம் இருநூற்றுப் பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். அங்கேதான் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் மாஸ்டராக இருந்தவர், எங்கள் கோவில்காரர், அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அவருக்கு ஒரு ஆணி சுழற்ற வராது. ஆனால் எந்தக் கடிதத்தையும் தமிழில் போட்டு, தந்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். மூன்று குளிர்காலம். அவர் கவிழ்த்த வாளியில் இருந்து வாசிப்பார், நான் காருக்குக் கீழே கிடந்து பூட்டுவேன். நிலவறையின் கொதிகலன் பக்கம் எப்போதும் சூடு. வெளியே இருபது பாகை மைனஸ். அந்தக் குளிர்காலங்களைப் போல இனி வராது.

மாஸ்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. புத்தகம் முழுதும் வாசித்து முடிக்காமல் காரில் கை வைக்க மாட்டார். யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் கார் ஓடியவர்தான், இங்கும் லைசென்ஸ் இருந்தது. பின்சந்தில் நான் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தபோதெல்லாம் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைசி நான்கு பக்கம் காரை ஏற்றி இறக்குவது பற்றியது என்று தலைப்பைப் பார்த்துச் சொன்னார். “லொறிக்காரனுக்குக் கட்டுறதுக்கும் புத்தகமோ?” என்று நான் மறித்துவிட்டேன். அந்த நான்கு பக்கமும் வாசிக்காமலே கிடந்தது.

அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இருக்கவில்லை. வாகனச் சோதனை முடிந்து இலக்கத் தகடு கிடைத்தது வியாழக்கிழமை. மாஸ்டரும் மனைவியும் லண்டனில் உள்ள மகளோடு ஒரேயடியாக இருந்துவிடப் போகிறார்கள், விமானம் செவ்வாய்க்கிழமை. சனி மாலை ஏழு மணிக்குக் கோவில் கூடத்தில் அவர்களுக்குப் பிரியாவிடை. மொன்றியாலின் குழி விழுந்த தெருவில் அவர் முதல் தடவை இந்தக் காரை ஓட்டக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். வெளிச்சமும் வளைவும் காற்றும் உள்ள ஒரு ரோட்டில் ஓட்ட வேண்டும். தீவைச் சுற்றி ஒரே ரோட்டுத்தான், ட்ராஃபிக் லைட் கிடையாது என்று கோவிலில் ஒருவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ட்ரெய்லர் எடுத்தோம், ஒரு நாள் வாடகை நாற்பத்தைந்து டொலர். இழுக்க என் மருமகனின் வான் வண்டி. காரை ஏற்றி, அசையாமல் கட்ட நான்கு பட்டி போட்டேன். காரின் இரும்புச் சட்டத்தில் கொழுக்கி மாட்டி, கார் நான்கு விரற்கடை கீழே தாழும்வரை இறுக்கினேன். மன்னாரில் நெல்மூட்டை அப்படித்தான் கட்டுவோம். சுவாமியார் வந்து ட்ரெய்லரில் நின்றபடியே காருக்குத் தீர்த்தம் தெளித்தார். செபமாலை தொங்கவிடக் கண்ணாடிக்கு நடுவே இடமில்லை என்று மாஸ்டரின் மனைவிக்குக் கவலை. கடைசியில் கியர்த் தடியில் சுற்றிவிட்டார்.

காலை 5.10க்குப் புறப்பட்டோம். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலை, வேகம் தொண்ணூறுக்கு மேல் போகவில்லை. நூற்று நாற்பதாவது கிலோமீற்றரில் ட்ருவா-ரிவியேர். அதுவரை ரோட்டு கொங்கிறீற்று, ஒவ்வொரு மூட்டிலும் டக், டக் என்று அடித்தது. நகரம் தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், முன்னால் ஒரு பார லொறி திடீரென்று வேகம் குறைத்தது, நானும் மிதித்தேன். பின்னால் ஒரு சத்தம். வானுக்குள்ளே என் முதுகில் இடித்ததுபோல இருந்தது.

ஓரத்தில் நிறுத்திப் போய்ப் பார்த்தோம், நேரம் 7.05. பின்பட்டி இரண்டும் கொழுக்கி கழன்று தொங்கின. கை பிரேக் போட்டிருந்தும், காலைப் பனித்துளியில் ஈரமான பலகையில் கார் ஒரு முழம் முன்னே வழுக்கி ட்ரெய்லரின் முன்கம்பியில் மோதியிருந்தது. மஞ்சள் மூக்கில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. வலது விளக்குக் கண்ணாடி போய்விட்டது. மூன்று குளிர்காலத்தில் அந்தக் காரில் ஒரு கீறல் விழ நான் விட்டதில்லை.

மாஸ்டர் வானுக்குப் போய் மரக்கறிப் பையைக் கொண்டுவந்தார். புத்தகம் அதற்குள்தான் இருந்தது. நான் கேட்காமல் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பார லொறிகள் பக்கத்தால் போகப் போகப் பக்கங்கள் படபடத்தன.

“வாசியுங்கோ மாஸ்டர்,” என்றேன்.

இருநூற்றுப் பதினோராம் பக்கம். காரின் சட்டத்தில் கட்ட வேண்டாம் என்று இருந்தது. கார் ஸ்பிரிங்கில் நிற்பது, குலுங்கும்போது இன்னும் தாழும், தாழ்ந்தால் பட்டி தளரும், தளர்ந்தால் கொழுக்கி கழலும். பட்டியை ஒவ்வொரு சில்லின் ரயருக்கும் மேலால் போட்டு, இரண்டு முனையையும் ட்ரெய்லர் தட்டிலேயே மாட்ட வேண்டும். மேலே கார் தன் பாட்டில் ஆடட்டும். முதல் இருபது கிலோமீற்றரில் நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும்.

நான்கு பக்கமும் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “நெல்லுமூட்டைக்கு ஸ்பிரிங் இல்லை, மரியான். சுவாமியார் தீர்த்தம் தெளிச்சதும் காருக்குத்தான், உம்மடை கட்டுக்கில்லை.”

முன்சில்லுகளின் மட்காட்டைக் கழற்றினால்தான் பட்டி போகும், ஒரு பக்கத்துக்கு நான்கு திருகாணி. எல்லாம் முடிய நாற்பது நிமிடம் போய்விட்டது. திரும்பிவிடுவோம் என்று மாஸ்டர் ஒரு தடவை சொன்னார். நான் வானில் ஏறி எஞ்சினை முடுக்கினேன், அதுதான் என் பதில். இருபது கிலோமீற்றரில் நிறுத்திப் பார்த்தேன். பட்டி ஒரு நூல்கூடத் தளரவில்லை.

கெபெக் நகரம் ஒன்பது மணிக்குச் சற்றுப் பிந்தி. அங்கிருந்து 138ஆம் இலக்க ரோட்டில் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் போனால் பே-சென்-போல், பிறகு 362இல் பதினெட்டுக் கிலோமீற்றர். கடைசி இறக்கம் மகா செங்குத்து, ட்ரெய்லரோடு போகிறவர்கள் உச்சியிலேயே முதலாம் கியருக்கு வந்துவிடுங்கள். கப்பல்துறையை 10.35க்குப் பிடித்தோம். பதினொரு மணிக்குப் படகு, அடுத்தது பன்னிரண்டு. வானையும் ட்ரெய்லரையும் இந்தப் பக்கமே விட்டுவிட்டுக் காரை மட்டும் படகில் ஏற்றுவதென்று திட்டம். படகுக்குக் காசு இல்லை, இலவசம். ஏழு மணிப் பிரியாவிடைக்குத் திரும்ப வேண்டுமானால் பதினொரு மணிப் படகை விடக் கூடாது. அதோடு மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கூரை இல்லாத காருக்கு அதுவும் ஒரு கணக்கு.

இறக்கினோம், மட்காட்டைப் பூட்டினோம். மாஸ்டர் சாரதி இருக்கையில் இறங்கினார். இந்தக் காரில் ஏறுவதில்லை, சப்பாத்துக்குள் கால் விடுவதுபோல இறங்க வேண்டும். சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. நான் போய்த் திருப்பினேன். பற்றவில்லை.

படகுக்காரர் ஒருவர், நரைத்த மீசை, வந்து பார்த்தார். நீங்களே செய்ததா என்று பிரெஞ்சில் கேட்டார். ஓம் என்றார் மாஸ்டர். அப்படியென்றால் என்ன பிழை என்று உங்களுக்குத்தானே தெரியும் என்று சிரித்துவிட்டு, இன்னும் ஆறு நிமிடம் என்று கையைக் காட்டிப் போனார்.

மாஸ்டர் புத்தகத்தை மூக்கோடு வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து முன்னால், முன்னால் இருந்து பின்னால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிலவறை, கொதிகலன், வாளி. ஒவ்வொரு மாலையாகத் திருப்பிக்கொண்டு போனேன்.

“புத்தகத்தை மூடுங்கோ மாஸ்டர். எண்பத்தேழாம் பக்கம். அண்டைக்கு உங்களுக்குத் தடிமன், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாசிச்சனீங்கள். வாகனம் எங்கையாவது மோதினால் பெற்றோல் பம்ப் தன்ரை பாட்டிலை நிண்டுபோம். பக்கத்துச் சீற்றின் கால்மாட்டுக்கு மேலை, சுவரிலை ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமத்த வேணும்.”

“நாங்கள் எங்கை மோதினனாங்கள்? ட்ரெய்லரிலை வழுக்கினதுதானே.”

“காருக்கு அது தெரியாது.”

தலைகீழாகக் குனிந்து தடவினேன். பொத்தான் மேலெழும்பி நின்றது. அழுத்தினேன். மாஸ்டர் சாவியைத் திருப்ப, பின்னால் ஒரு குருவி எழும்பிப் பறக்கிற அளவுக்குச் சத்தத்தோடு பற்றிக்கொண்டது. படகில் கடைசியாக ஏறியது நாங்கள்தான். மீசைக்காரர் தொப்பியைத் தொட்டார்.

பயணம் இருபது நிமிடம். தீவின் சுற்று, என் மீற்றரில், இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் ஐந்து கிலோமீற்றரும் மாஸ்டர் நாற்பதில் போனார். கியரை மாற்றச் சொன்னால், புது எஞ்சினை வெருட்டக் கூடாதென்று புத்தகத்தில் கிடக்கிறது என்றார். சைக்கிளில் போன இரண்டு பெண்கள் எங்களை முந்தினார்கள். அது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். நேர் ரோட்டு வந்ததும் மிதித்தார்.

அதை எப்படிச் சொல்வது? முழங்கையைத் தொங்கவிட்டால் ரோட்டுத் தட்டுப்படும். சில்லு ஆடுவது கண்ணுக்குத் தெரியும், நான் பூட்டிய ஒவ்வொரு தண்டும் மேலும் கீழும் வேலை செய்வது தெரியும். ஒரு பக்கம் வைக்கோல் மணம், ஒரு பக்கம் கடலோடு கலக்கும் ஆற்றின் உப்பு மணம். பாரம் இல்லாத கார் வளைவில் நாம் நினைப்பதற்கு முன்னரே திரும்பிவிடுகிறது. லொறியில் எத்தனை வருடம் இருந்தாலும் இது கிடைக்காது. மாஸ்டரின் தொப்பி பறந்து ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் விழுந்தது. நிறுத்தவா என்று கையால் கேட்டேன். தலையாட்டினார், வேண்டாம் என்று. அறுபத்தெட்டு வயது மனிதர், அந்த நரைமயிர் நெட்டுக்கு நிற்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

12.10க்குத் துறைக்குத் திரும்பினோம். எஞ்சினை நிறுத்தினார், இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“இனி உமக்கு இதை ஆர் வாசிப்பினம், மரியான்?”

“வாசிக்க என்ன கிடக்கு? கடைசிப் பக்கத்தையும் காலமை முடிச்சிட்டம்தானே.”

அவர் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். காரை இரண்டு பேருக்கும் எப்படிப் பிரிப்பது என்று ஒரு மாதமாகக் கதைக்காமலே இருந்தோம். அந்த இடத்தில் அது முடிந்தது. கார் என்னோடு நிற்கட்டும், புத்தகத்தை நீங்கள் கொண்டுபோங்கோ என்றேன். எனக்கு அது தேவையில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே.

12.30 படகு, ஏற்றிக் கட்டிப் புறப்பட ஒரு மணி பத்து. மழை பே-சென்-போலில் பிடித்தது, கார்தான் நனைந்தது. கோவில் கூடத்துக்கு 6.45க்கு ட்ரெய்லரோடேயே போய் நின்றோம். தொப்பி எங்கே என்று மாஸ்டரின் மனைவி கேட்டார். உருளைக்கிழங்குக்குள் என்றார் மாஸ்டர். அன்று எடுத்த படத்தைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். எல்லாமாகப் போகவர எழுநூற்று நாற்பது கிலோமீற்றர், அன்றைய விலையில் பெற்றோல் நூற்றிருபத்தைந்து டொலர். இப்போது கூடியிருக்கும். ஓடும்போது காருக்கு உறை போடாதீர்கள், காற்றில் அடித்து வர்ணத்தைத் தேய்த்துவிடும். மூக்கு வெடிப்பை நான் திருத்தவில்லை, வெள்ளி ஒட்டுநாடாதான் இன்றும் கிடக்கிறது. முக்கியமானது கட்டு. அதைப் பற்றி நான் சொல்வதைவிட இருநூற்றுப் பதினோராம் பக்கம் சொல்வதே சரி, மேலே சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில், பனி கரைந்து காரை வெளியே எடுக்கிற வாரம், லண்டனில் இருந்து தொலைபேசி வரும். சுகம் விசாரித்து முடிந்ததும் மாஸ்டர் ஒரு இலக்கம் சொல்லுவார். நூற்று நாற்பத்திரண்டு, அல்லது அறுபத்தாறு. நான் நின்றபடியே ஒப்புவிப்பேன். அங்கே தாள் புரளும் சத்தம் கேட்கும். போன ஏப்ரலில், பின்சில்லு அச்சுப் பற்றிய பக்கத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன் என்றார். இல்லை மாஸ்டர், அண்டைக்கு நீங்கள்தான் அதை வாசிக்காமல் விட்டனீங்கள் என்றேன். தாள் திரும்பவும் புரண்டது. பிறகு, ஓம், அண்டைக்கு மனிசி தேத்தண்ணி கொண்டு வந்தவ என்றார்.