இட்செலிடம் அக்கா கேட்ட கேள்வி

வாட்சன்வில் என்ற ஊரில் ஸ்ட்ராபெரியை உறையவைக்கும் ஆலையில் அராசெலி எட்டு வருடமாக வேலை பார்த்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்கிறேன் என்று குறித்த தேதிக்குள் பதில் எழுத வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. இடம் கைவிட்டுப் போனது.

தங்கை இட்செலுக்கோ சார்ட்டர் பள்ளியில் சேர்வதற்கான குலுக்கலில் பெயர் விழுந்தது. படிக்காத வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதற்கென்றே அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் பள்ளி. கடைசி வருடம் முழுக்க ஒரே ஆராய்ச்சி. முடிவில் ஊரார் முன்னால் நின்று விளக்க வேண்டும். விட்கம் என்ற ஆசிரியர் கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

"விட்கம் சார் சொன்னார்..." என்று இட்செல் ஆரம்பித்தாலே அராசெலிக்கு வயிறு எரியும்.

"அவருக்கும் ரெண்டு தோர்த்தியா ரொட்டி எடுத்து வை. இங்கதானே குடியிருக்கார்!" என்பாள்.

இட்செல் எடுத்துக்கொண்டது ஊர்க் கிணறுகளில் உரம் கலப்பதைப் பற்றிய ஆராய்ச்சி. விளக்கும் நாளன்று மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தங்கை மடமடவென்று பேசப் பேச, ஊரே வாய்பிளந்து கேட்டது. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அராசெலி கை தூக்கினாள்.

"இதுல நீ செஞ்சது எவ்வளவு, உங்க சார் செஞ்சது எவ்வளவு?"

இட்செல் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். "கணக்கு மட்டும்... எனக்குப் புரியல. சார் போட்டுக் கொடுத்தார்" என்றாள்.

கணக்கையும் தானே போட்டு, மறுபடி வந்து விளக்கும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அராசெலியின் சந்தோஷம் கார் வரைக்கும்கூட வரவில்லை.

"வயிறு குளுந்துச்சா உனக்கு?" என்றாள் அம்மா ஒஃபேலியா.

இட்செல் அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். சமையலறை மேசையில் கணக்கைப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். விட்கமின் பெயரையே எடுக்கவில்லை. இரண்டாம் முறை விளக்கியபோது அராசெலி ஆலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் நின்றாள். இட்செல் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னாள், தேறினாள். சாந்தா க்ரூஸ் கல்லூரியும் அவளைச் சேர்த்துக்கொண்டது.

விடுதிக்குப் பெட்டி தூக்கி வந்தவள் அராசெலிதான். அறைத்தோழி அவளைப் பார்த்து, "உங்க அம்மாவா?" என்றாள்.

"அக்கா. கேள்வி கேட்டே என்னைக் கொன்னவ," என்று இட்செல் சிரித்தாள்.

அந்தப் பெண் வெளியே போனதும் அராசெலி கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தாள். "பொறாமையா இருக்குடி."

"தெரியும்க்கா. அன்னிக்கு மேடையிலயே தெரிஞ்சுது."

"இப்பவும் இருக்கு."

"இருக்கட்டும். அந்தப் பெட்டிய இங்க தள்ளு."

கிளம்பிய அராசெலி நேரே காருக்குப் போகவில்லை. கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஜன்னலோர நாற்காலி ஒன்றில், அங்கே படிப்பவளைப் போலவே, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள்.